போய்ச் சேர்ந்த சேதி

1987 புரட்டாசியில், வேலைக்கான இன்டர்வியூ ஒன்றுக்காகத் திருநெல்வேலியிலிருந்து மெட்ராசுக்கு ரயில் ஏறினேன். சட்டைப் பையில் டிக்கெட், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு தபால் கார்டு. மெட்ராசில் நான் சுகமாக இறங்கிவிட்ட சேதியை அந்தக் கார்டில் முந்தின நாள் ராத்திரியே எழுதி முடித்திருந்தேன்.

எழுதியது நான். சொன்னது அம்மா. "அங்க போயி கார்டத் தேடி, பேனாவத் தேடி, எழுதுத நேரத்துக்கு மறந்துருவ. இப்பமே எழுதி வச்சுக்கோ யய்யா. எறங்குன ஒடனே பெட்டியில போட்டுரு." நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, சௌக்கியமாக வந்து சேர்ந்தேன், மாமா வீட்டில் எல்லாரும் சுகம், மற்றவை நேரில் என்று முடியும் மூன்று வரி. மேற்கு மாம்பலத்தில் இருந்த மாமா வீட்டார் சுகமாக இருக்கிறார்கள் என்பதையும் எங்கள் வீட்டு அடுக்களையிலேயே முடிவு செய்துவிட்டோம்.

இந்த மூன்று வரிக்கு இரண்டு கார்டு செலவாயிற்று. முதல் கார்டில் 'சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தேன்' என்று எழுதிவிட்டேன். வாசித்துக் காட்டியதும் அம்மா கார்டைப் பிடுங்கினாள். "வாயக் கழுவுலே. போய்ச் சேந்தேனாம்ல. நம்ம தாத்தா போய்ச் சேந்தா, பாட்டி போய்ச் சேந்தா. நீ வந்து சேருடா." வாசல்படி தாண்டும்போது 'போறேன்' என்று சொன்னாலே திரும்ப உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்கிற வீடு அது. எழுத்தில் விடுவார்களா? 15 பைசா கார்டு அடுப்புக்குப் போயிற்று. இரண்டாவது கார்டில் வந்து சேர்ந்தேன். தேதி: 24-9-87. இடம்: மெட்ராஸ். இரண்டையும் எழுதியது திருநெல்வேலியில், 22-ந் தேதி.

மீட்டர் கேஜ் ரயில். மதுரையில் வண்டி வெகுநேரம் நின்றது. இறங்கி டீ குடிக்கும்போது கண்ணெதிரே ஆர்.எம்.எஸ். ஆபீசும் அதன் தபால் பெட்டியும். என்னுடைய இருபத்து மூன்று வயது மூளை வேலை செய்தது. மெட்ராசில் போட்டால் கார்டு இதே தண்டவாளத்தில் திரும்பி வந்து, மதுரையைத் தாண்டித்தானே ஊருக்குப் போக வேண்டும்? இங்கேயே போட்டால் அவ்வளவு தூரம் மிச்சம். அம்மாவுக்கும் சேதி சீக்கிரம் கிடைக்கும். போட்டேன்.

கிடைத்தது. மறுநாள் 24-ந் தேதி மத்தியானத் தபாலிலேயே கிடைத்தது. மெட்ராசில் 24-ந் தேதி எழுதிய கார்டு 24-ந் தேதியே திருநெல்வேலிக்கு வந்திருந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா கார்டைத் திருப்பிப் பார்த்தார். தாலுகா ஆபீசில் வருகிற காகிதத்துக்கெல்லாம் தேதி முத்திரை குத்துகிற வேலை அவருக்கு. 627 என்று தொடங்கும் பின்கோடு இல்லாத கார்டை அவர் கார்டாகவே மதிப்பதில்லை. தபால் முத்திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். மதுரை ஆர்.எம்.எஸ்.

"இவன் மதுரையிலயே எறங்கிட்டாம்ல."

ஏன் இறங்கினேன், யாரைப் பார்க்க இறங்கினேன், இன்டர்வியூ என்பதே பொய்யா, மதுரையில் யாராவது இருக்கிறாளா என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் எழுந்த கேள்விகள் எனக்குப் பிறகுதான் தெரியவந்தன. மாமாவுக்கு அப்பா ஓர் இன்லண்டு லெட்டர் எழுதினார். மாமா பதில் எழுதினார். அந்தப் பதிலும் நானும் ஒரே நாளில் வீடு வந்து சேர்ந்தோம்.

இதைச் சொன்னால் இப்போது ரயிலில் எதிர் சீட்டில் இருக்கிறவர் தவறாமல் பெருமூச்சு விடுவார். "அந்தக் காலம் மாதிரி வருமா சார்? போன் இல்லை, ஒரு டென்ஷனும் இல்லை." இவர்களை நான் நம்புவதில்லை. அன்றைக்கு ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டார்கள், இன்றைக்குச் சார்ஜர் ஓட்டைக்குப் போடுகிறார்கள். அன்றைக்கு ஹோல்டாலும் கூஜாவும் தூக்கித் தோள் வலித்தது, இன்றைக்கு பவர் பேங்க் சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று தலை வலிக்கிறது. அம்மா கவலைப்படாமல் இருந்தாள் என்றால் பொய். கவலைக்கு ஒரு கெடு வைத்திருந்தாள், அவ்வளவுதான். நாலு நாள் வரை கார்டு வராவிட்டால் தபால்காரரைத் திட்டுவாள். ஐந்தாம் நாள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொள்வாள். அதற்கும் மேலே போனால், "தந்தி ஒண்ணும் வரலல்லா, அப்போ நல்லாத்தான் இருப்பான்" என்று தூங்கிவிடுவாள்.

தந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் தந்தி என்றால் சாவு. வேறு அர்த்தமே கிடையாது. வேலை கிடைத்ததும் நான் மெட்ராசிலிருந்து குதித்துக்கொண்டு தந்தி அடித்தேன். வார்த்தைக்கு இவ்வளவு காசு என்பதால், 'செலக்டட், ஜாயினிங் மன்டே' என்று மூன்றே வார்த்தை. தந்திக்காரர் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தியதுமே அம்மா ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாளாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். யார் செத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அழுதிருக்கிறார்கள். அப்பா ஆபீசிலிருந்து வந்து உறையைப் பிரித்து, எனக்கு வேலை கிடைத்ததை அறிவித்தபோது, பாதியில் நிறுத்தப்பட்ட அழுகையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்த வாரம் அப்பாவிடமிருந்து எனக்குக் கார்டு வந்தது. 'இனி நல்ல சேதிக்குத் தந்தி கொடுக்காதே.' 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோது பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. எங்கள் தெருவில் யாரும் உருகினதாகத் தெரியவில்லை.

கார்டுக்கும் தந்திக்கும் நடுவில் எதிர்வீட்டு அண்ணாச்சியின் போன் இருந்தது. தெருவுக்கே அது ஒன்றுதான். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட அவர் நம்பரைப் போட்டுப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்திருந்தோம். பாதி ஊர் அப்படித்தான் அடுத்த வீட்டுப் போனில் வாழ்ந்தது. முதலில் டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. ஆர்டினரி புக் செய்துவிட்டு ஊருக்கு நடந்தே போய்விடலாம் என்பார்கள். பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே நாட்டில் முதல் எஸ்.டி.டி. போட்டார்களாம். அது எங்கள் தெருமுனைக்கு வர முப்பது வருஷம் பிடித்தது.

பூத்தில் கண்ணாடி அறை, தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். ஒவ்வொரு எண் மாறும்போதும் பேசுகிறவனின் குரல் வேகம் கூடும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் கட்டணம் கால் பங்குதான். ஆகையால் பத்தே முக்காலுக்கே மெட்ராஸ் முழுக்க பூத் வாசல்களில் வரிசை நிற்கும். நானும் நிற்பேன். பதினொன்று ஐந்துக்கு அண்ணாச்சி வீட்டுப் போன் அடிக்கும். அவர் எழுந்து, வேட்டியைக் கட்டி, கதவைத் திறந்து, தெருவைத் தாண்டி, எங்கள் கதவைத் தட்டி, "ஒம் மகன் போன்ல இருக்காம்மா" என்று அம்மாவை எழுப்பிக் கூட்டிவருவார். அதற்குள் நான் வைத்துவிட்டு இரண்டாவது முறை போடுவேன். "வந்து சேந்துட்டேம்மா, வச்சிரட்டா?" அவ்வளவுதான் பேச்சு. எனக்கு முக்கால் பங்கு காசு மிச்சம். அண்ணாச்சிக்கு முழுத் தூக்கம் நஷ்டம். பத்து வருஷம் போல இது நடந்தது. ஒருநாள்கூட அவர் முகம் சுளித்ததில்லை. முகத்தை நான் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

செல்போன் வாங்கிய புதிதில், வருகிற அழைப்புக்கும் காசு. 2003-ல்தான் அது ஒழிந்தது. ஆனால் மிஸ்டு கால் இலவசம். அடிக்கவிட்டு எடுக்காமல் இருப்பதையே ஒரு மொழியாக்கிக்கொண்டோம். ஒரு ரிங் என்றால் வண்டி ஏறியாச்சு, இரண்டு ரிங் என்றால் இறங்கியாச்சு. எங்கள் சித்தி மட்டும் பழக்கதோஷத்தில் முதல் ரிங்கிலேயே எடுத்து "அலோ" என்று சொல்லிக் காசைக் கரைத்துவிடுவாள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்மை வேவு பார்க்கிறார்கள் என்று நான் அலுத்துக்கொண்டால் என் மனைவி சும்மா இருக்க மாட்டாள். அவளிடம் 2016-ன் சாட்சியம் இருக்கிறது.

அந்த வருஷம்தான் மகள் மேல்படிப்புக்காக நியூஜெர்சி புறப்பட்டாள். வளைகுடா வழியாக நியூயார்க். உலகத்து விமானங்களையெல்லாம் மஞ்சள் ஈசல் மாதிரி வரைபடத்தில் ஊரவிட்டுக் காட்டும் செயலி ஒன்றை நண்பர் ஒருவர் காட்டிக்கொடுத்தார். ஏர்போர்ட்டிலிருந்து வீடு திரும்பியதும் உட்கார்ந்தேன். மகளின் ஈசலை அரபிக் கடல் தாண்டவைத்தேன். அடுத்த ஈசலைப் பிடித்து ஐரோப்பாவைத் தாண்டவைத்தேன். அட்லாண்டிக்கின் நடுவே அது மறைந்துவிட்டது.

விமானம் அனுப்பும் சமிக்ஞையைப் பிடிக்கிற கருவிகள் தரையில் இருக்கின்றன, நடுக்கடலில் அவற்றுக்கு எட்டாது, கரை நெருங்கினால் ஈசல் மறுபடி வரும். இதெல்லாம் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. மனைவியைத் தட்டி எழுப்பினேன். "பிளேனைக் காணோம்." அவள் போனை வாங்கிப் பார்த்தாள். நீலமாகக் கடல் மட்டும் இருந்தது. "காணோம்னா நீங்க நீந்திப் போய்த் தேடப்போறீங்களா? படுங்க," என்று திரும்பிப் படுத்தாள். நான் விடியும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் இறங்கி, வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, இடம் போய்ச் சேர்ந்து, குளித்துவிட்டு எழுதினாள். 'ரீச்டு பா.' அம்மாவுக்கு நான் மூன்று வரி கொடுத்தேன், மாமா வீட்டு சுகம் உள்பட. எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

போன ஆவணியில் ஊரில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். நான் மட்டும் முன்னால் புறப்பட்டேன். அறுபது தாண்டிய அப்பா தனியாகப் போகிறார் என்றதும் நியூஜெர்சியிலிருந்து உத்தரவு வந்தது. "லைவ் லொகேஷன் போடுங்கப்பா." வாட்ஸ்அப்பில் அதற்கு மூன்று கெடு உண்டு. கால் மணி நேரம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம். அதற்கு மேல் கிடையாது. ஆட்டோ ஏறும்போது, ராத்திரி ஏழரைக்கு, எட்டு மணி நேரத்தை அமுக்கினேன். ரயில் காலை ஏழு வாக்கில்தான் திருநெல்வேலி போகும். ஏழரையோடு எட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று தாலுகா ஆபீஸ் கிளார்க் மகனுக்குத் தோன்றவில்லை.

மூன்றரை மணிக்கு வண்டி வாடிப்பட்டி தாண்டிச் சோழவந்தான் பக்கம் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு வெற்றிலைக் கொடிக்காலின் நடுவே என் புள்ளி நின்றுபோயிற்று. நியூஜெர்சியில் மாலை ஆறு மணி. மகள் நன்றாக விழித்திருந்தாள்.

முதல் நாலு அழைப்பும் எனக்குக் கேட்கவில்லை. ஐந்தாவதற்கு எழுந்தபோது எனக்கு முன்பே பெட்டி எழுந்திருந்தது. மேல் பெர்த்திலிருந்து ஒரு தலை நீண்டு, "யாரும் தவறிட்டாங்களா சார்?" என்று பரிவோடு கேட்டது. அந்நேரத்துக்குப் போன் அடித்தால் வேறென்ன நினைக்க? "இல்லீங்க, நான்தான். இருக்கேனான்னு கேக்கிறாங்க."

"அப்பா, புள்ளி நின்னுபோச்சு!"

"ரயில் ஓடிக்கிட்டுத்தாம்மா இருக்கு."

"உங்க புள்ளி ஓடலையே."

அதற்குள் அவள் சென்னையில் அம்மாவை எழுப்பியிருந்தாள். அம்மா பாளையங்கோட்டையில் என் தம்பியை எழுப்பியிருந்தாள். தம்பி அவன் மகனை எழுப்பியிருந்தான். அந்தக் காலத்தில் என் அம்மா நாலு நாள் தூங்கிய தூக்கத்தை நாலு பேர் அரை மணி நேரத்தில் தொலைத்திருந்தார்கள். இறங்கியவுடன் சேதி போடுவதாகச் சத்தியம் செய்து போனை வைத்தேன். தூக்கம் போயிருந்தது. மதுரை போயிற்று, விருதுநகர் போயிற்று, கோவில்பட்டியில் வெளுத்தது. இன்னும் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளை எதற்குக் காத்திருக்க வேண்டும்? மணியாச்சி தாண்டியதும் எழுதி அனுப்பிவிட்டேன். 'சௌக்கியமாக வந்து சேர்ந்தேன்.'

இரண்டு டிக் நீலமானது. ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. ரயில் எங்கே ஓடுகிறது என்று காட்டும் இன்னொரு செயலியின் படம், கீழே ஒரு வரி.

'அப்பா, ட்ரெயின் இன்னும் கங்கைகொண்டானே தாண்டல.'

தாத்தாவை அவள் பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

அதற்கு மேல் என் வாக்குமூலம் செல்லாது என்று ஆகிவிட்டது. நேரில் பார்த்து உறுதி செய்யும் பொறுப்பைத் தம்பி மகனிடம் கொடுத்தாள். ஜங்ஷனில் பிளாட்பாரத்துக்கே வந்து நின்றான் பையன். ஒரு கையால் என் பெட்டியை வாங்கிக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் சேதி தட்டினான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளை. 'ரீச்டு' என்று போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அவன் போட்டது வீட்டாரும் தெருவாரும் சேர்ந்திருக்கும் குழுவில். பெரியவர்கள் இருக்கிறார்களே என்று மரியாதையாகத் தமிழில் போட்டான்.

'பெரியப்பா போய் சேந்துட்டாங்க.'

வீடு வந்து காபித் தம்ளரைக் கையில் வாங்கும்போது என் போன் விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. முதலில் எழுதியிருந்தவர் எதிர்வீட்டு அண்ணாச்சி. கூப்பிய கை மூன்று, 'ஆழ்ந்த இரங்கல். நல்ல மனுசன்.' அதைத் தொடர்ந்து வரிசையாகக் கூப்பிய கைகள். தூத்துக்குடி அத்தை அழும் முகம் அனுப்பியிருந்தாள். ஒருவர் விளக்குப் படம் போட்டிருந்தார். இன்னொருவர் காரியத்தில் கண்ணாக, 'எப்போ எடுக்காங்க?' என்று கேட்டிருந்தார். எனக்குக் கடன் தரவேண்டிய ஒருவரும் இரங்கல் தெரிவித்திருந்தார், கொஞ்சம் சீக்கிரமாகவே.

பதினோரு இரங்கல்களையும் நிதானமாகப் படித்தேன். நல்ல மனுசன் என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள். காபியைக் குடித்து முடித்தேன். பிறகு குழுவில், அம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒரு எழுத்து பிசகாமல் எழுதினேன். 'சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். தம்பி வீட்டில் எல்லாரும் சுகம். மற்றவை நேரில்.'

பத்து நிமிஷத்தில் எல்லாரும் தங்கள் இரங்கலை அழித்துவிட்டார்கள். அண்ணாச்சி ஒருத்தருடையது மட்டும் அப்படியே இருந்தது. சாயங்காலம் பழைய தெருவுக்குப் போனேன். அண்ணாச்சிக்கு எண்பத்து மூன்று வயது. திண்ணையில் சாய்ந்திருந்தார்.

"வாடே. இருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி. நீங்க போட்டதும் இன்னும் இருக்கு."

"அழிக்கத் தெரியலடே."

"போனக் குடுங்க, நான் அழிச்சுத் தாரேன்."

அவர் போனை மடியில் வைத்துக்கொண்டார். "எதுக்கு? கெடந்துட்டுப் போவுது. அந்நேரத்துக்குப் போனத் தேடி, கண்ணாடியத் தேடி, ஆருடே எழுதிக்கிட்டு இருக்கது? இப்பமே போட்டு வச்சாச்சுல்லா."